83 வயதுக்காரருக்கு ஒரு ரிக்கெட்

2024 ஓகஸ்ட் 10, சனி. திருகோணமலை உப்புவெளித் தம்பி ஒருவர் இந்த இழையில் கேட்டது:

"அண்ணன், நீங்கள் லண்டனுக்குப் போய் அந்த அமெரிக்கப் பாடகர் பொப் டிலன் கச்சேரி பார்க்கப் போவதாகக் கடையில் கதைத்தது காதில் விழுந்தது. குறை நினைக்க வேண்டாம். 83 வயது மனுசன். குரல் போய்க் கனகாலம். பாட்டெல்லாம் யூடியூபில் சும்மா கிடக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல சவுண்ட் செற் வாங்கி வீட்டில் படுத்திருந்து கேட்கலாமே. ஏன் இந்த வீண் செலவு?"

2024 ஓகஸ்ட் 11, ஞாயிறு

தம்பி, போகிறேன் என்று யார் சொன்னது? போகலாமா என்றுதான் கதைத்தேன். நீர் தேநீரைக் குடித்துக்கொண்டு பாதிக் கதை கேட்டிருக்கிறீர்.

விஷயம் இதுதான். மனைவியின் தம்பி லண்டன் ஹரோவில் இருக்கிறான். நவம்பர் 12, 13, 14 மூன்று நாளும் டிலன் லண்டன் றோயல் அல்பேட் ஹோலில் பாடுகிறார். விற்பனை தொடங்கியது போன மாதம், எனக்குத் தெரிய வந்தது இந்த மாதம். ரேடியோ திருத்துகிறவனுக்குத்தான் செய்தி கடைசியாக வரும். மச்சான் போனில் கேட்டான்: "அத்தான், என்னோடு வேலை செய்கிற ஒருவரிடம் இரண்டு சீற் மிச்சம் இருக்காம். வாங்கின விலைக்கே தருகிறார். 14ஆம் திகதிக்கு. சொல்லுங்கோ, எடுக்கிறேன்." ஒரு கிழமை அவகாசம் கேட்டேன்.

குரல் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் அந்தக் குரல் எப்போது இருந்தது? அவருக்கு 20 வயதிலேயே அறுபது வயதுக் குரல்தான். இப்போதுதான் வயது குரலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்புறம், யூடியூபில் இருப்பது பழைய டிலன். இப்போது அவர் எப்படிப் பாடுகிறார் என்பதை அங்கே தேடினால் கள்ளமாகப் பிடித்த துண்டுகள் தவிர ஒன்றும் பெரிதாக அகப்படாது. கச்சேரிக்குப் போனால் வாசலிலேயே போனை ஒரு பைக்குள் போட்டுப் பூட்டிக் கையில் தந்துவிடுவார்கள். முடிந்த பிறகுதான் திறக்கலாம். ஆக, போனவருக்குத்தான் தெரியும். போகாதவருக்கு ஊகம்.

இன்னொன்று. அந்த அரங்கின் பெயர் எனக்கு 40 வருடப் பழக்கம். 84இல் ஒரு கப்பல்காரர் தன் ரேடியோவைத் திருத்தத் தந்துவிட்டு, கூலிக்குக் காசு குறைகிறது என்று ஒரு கசற்றைத் தந்தார். முதுகில் நீல மையில் 'அல்பேட் ஹோல் 66' என்று எழுதியிருந்தது. நாட்டார் பாட்டுக்காரர் கிற்றாரை மின்சாரத்தில் செருகிவிட்டார் என்ற கோபத்தில் கூட்டத்தில் ஒருவன் "யூதாஸ்!" (துரோகி) என்று கத்துகிற அதே கச்சேரி. அந்தக் கத்தல் கேட்ட அரங்கில் போய் இருப்பது என்றால் சும்மாவா?

2024 ஓகஸ்ட் 11, இரவு

கணக்கு எழுத மறந்துவிட்டேன். பவுண் கிட்டத்தட்ட 390 ரூபா. விசாக் கட்டணம் 115 பவுண், அதுவே 45,000. விமானம் போய்வர இரண்டு லட்சத்துக்கு மேல். சீற் நூறு பவுணுக்கு மேல். சாப்பாடு மச்சான் வீட்டில், அது இலவசம், ஆனால் வெறுங்கையோடு போக ஏலாது. பனங்கட்டி, கருவாடு, மிளகாய்த் தூள் என்று மனைவி இப்பவே ஒரு பட்டியல் தொடங்கிவிட்டாள். மூன்றரை லட்சம் என்று வையுங்கள்.

தம்பியின் சவுண்ட் செற் வாதம் இரவில் கொஞ்சம் பலமாகத் தெரிகிறது.

2024 ஓகஸ்ட் 14, புதன்

பிழை விட்டிருக்கிறேன். இரண்டு பேர் தனியாக எழுதித் திருத்தினார்கள், நன்றி. அந்த "யூதாஸ்" கத்தல் அல்பேட் ஹோலில் இல்லை. 1966 மே 17, மன்செஸ்டர், ஃப்ரீ ட்ரேட் ஹோல். களவாகப் பதிந்து விற்றவர்கள் அல்பேட் ஹோல் என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்க ஓடியிருக்கிறது. 1998இல் இசைத்தட்டுக் கம்பனியே முறைப்படி வெளியிட்டபோதும் அந்தப் பிழையான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே விட்டுவிட்டது. டிலன் அல்பேட் ஹோலில் பாடியதும் உண்மைதான், அந்தப் பயணத்தின் கடைசி இரண்டு இரவுகள், மே 26, 27. கத்தல் மட்டும் இல்லை.

ஆக 40 வருடமாகப் பிழையான கட்டடத்தை மனதில் கட்டி வைத்திருந்திருக்கிறேன். கப்பல்காரரில் குற்றம் இல்லை. அவரும் யாரோ எழுதியதைத்தான் பார்த்து எழுதியிருப்பார். கசற்றையே காட்டலாம் என்றால், 90இல் ஊரை விட்டு ஓடியபோது கடையோடு போய்விட்டது.

மனைவி கேட்டாள்: "அப்ப லண்டன் தேவையில்லை, மன்செஸ்டருக்குப் போனால் சரியோ?" அந்த மண்டபம் இப்போது ஹோட்டல். அறை எடுத்துப் படுக்கலாம்.

2024 ஓகஸ்ட் 18, ஞாயிறு

கிழமை முடிந்தது, மச்சானிடம் இன்னும் மூன்று நாள் கேட்டிருக்கிறேன். இதற்கிடையில் கதை வேறு பக்கம் ஓடிவிட்டது. ஓடட்டும்.

ஓர்ஸ்ஹில் பக்கத்து ஆசிரியர் ஒருவர், நம் ஆக்களுக்குக் காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கிற பழக்கமே இல்லை, அதனால்தான் உமக்கு இவ்வளவு தடுமாற்றம் என்று எழுதியிருந்தார். முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். பத்திரகாளி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரம் கேட்டிருக்கிறோம், ரிக்கெட் இல்லை, உண்மை. ஆனால் இதே ஊரில்தான் எழுபதுகளில் பரமேஸ்-கோணேஸ் சகோதரர்கள் கிற்றார் எடுத்துத் தமிழில் பொப் பாடி இசைத்தட்டும் போட்டார்கள். அந்தப் பாட்டை முணுமுணுக்கிற ஆள் இன்றைக்கும் என் கடைக்கு வருகிறார், வயது 70. அந்தக் காலத்தில் மேடைக்கு முன்னால் போட்ட கதிரைக்குக் காசு கொடுத்தோம் என்கிறார். எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தொகை.

ரிக்கெட்டில் எனக்கு இருப்பது பழக்கக் குறைவில்லை, பயம். தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு நிகழ்ச்சிக்கு வாசலுக்கு வெளியே நின்ற ஒருவனிடம் இரண்டு ரிக்கெட் வாங்கினேன். அச்சு நல்லது, தாளும் தடிப்பு. உள்ளே விடுகிறவர் ரிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மாநகர சபையின் களியாட்ட வரி முத்திரை இல்லை. முத்திரை விழாத ரிக்கெட் வெறும் தாள். மதிலுக்கு வெளியே நின்று பாஸ் கிற்றாரை மட்டும் கேட்டுவிட்டு இரவு பஸ்ஸில் திரும்பினேன். மதில் மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் வடித்துவிடும், பாஸ் மட்டும் தாண்டி வரும். எட்டு மணி நேரப் பயணத்தில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

நல்ல ரிக்கெட் கையில் இருந்தாலும் நிச்சயம் இல்லை. போன வருடம் செப்டம்பர் 10, சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. ஓகஸ்டில் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. காசு கொடுத்து ரிக்கெட் வைத்திருந்த எத்தனையோ பேர் உள்ளே போக முடியாமல் நெரிசலில் இருந்து திரும்பினார்கள். ரிக்கெட்டின் படியை அனுப்புங்கள் என்று கடைசியில் ரஹ்மானே கேட்க வேண்டி வந்தது.

கொழும்புக் கதை இன்னும் விசேஷம். 2015 டிசம்பரில் பாடகர் என்ரிக்கே இக்லேசியாஸ் வந்தபோது ரிக்கெட் 50,000 ரூபா வரை. மேடையில் நடந்த கூத்தைக் கேள்விப்பட்டு, ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் திருக்கை வால் என்றால் என்ன என்று விளக்கம் எழுதின. நமக்கு விளக்கம் தேவையில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டு வளையில் ஒன்று செருகியிருந்தது. நான் பள்ளிக்கூடம் போனது அதைப் பார்த்துத்தான்.

2024 ஓகஸ்ட் 25, ஞாயிறு

எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு சீற் எனக்கு, ஒன்று மச்சானுக்கு. காசை நானே அனுப்பப் பார்த்தேன். என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்படவில்லையாம். திறக்கச் சொல்லிப் போன் எடுத்தால் பாட்டுப் போட்டார்கள். 23 நிமிடம். அதுவும் ஒரு கச்சேரிதான், ரிக்கெட் இல்லாத கச்சேரி. பிறகு மச்சானே கொடுத்துவிட்டான்.

வாங்கின விலைக்கே கிடைத்தது என் அதிர்ஷ்டம். மற்ற மூத்த றொக் பாடகர்களின் கதையைத் தேடி வாசித்தேன், வயிறு எரிந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் அமெரிக்கப் பயணத்துக்கு 2022 ஜூலையில் விற்பனை தொடங்கியபோது, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து விலையைக் கூட்டுகிற முறையில் சில சீற்றுகள் 5,000 டொலர் வரை ஏறின. தொழிலாளியின் பாட்டுக்காரர் என்று பெயர் எடுத்த மனிதர். 1980இல் இருந்து அவருக்காகவே நடந்த இரசிகர் பத்திரிகை ஒன்று, இந்த விலையைக் கண்டபின் 2023இல் கடையைப் பூட்டிவிட்டது. ஒருவரைப் பற்றி 43 வருடம் எழுதிவிட்டு அவருடைய ரிக்கெட் விலையால் நிறுத்துவது என்றால், அது விவாகரத்து மாதிரி.

மாறாக 'த கியூர்' குழுவின் ரொபேட் ஸ்மித், 2023 மார்ச்சில், விலை ஏற்றுகிற முறையே வேண்டாம் என்றார். 20 டொலர் ரிக்கெட்டுக்கு அதைவிடக் கூடிய சேவைக் கட்டணம் விழுந்ததைக் கண்டு பகிரங்கமாகச் சண்டை பிடித்தார். விற்ற நிறுவனம் ஆளுக்கு 5, சிலருக்கு 10 டொலர் திருப்பிக் கொடுத்தது. சின்னக் காசுதான். ஆனால் பாடகர் நினைத்தால் ஏதாவது செய்யலாம் என்று தெரிந்துவிட்டது, இனி மற்றவர்கள் "எங்கள் கையில் இல்லை" என்று சொல்ல ஏலாது.

ஆள் பார்த்து விலை ஏறுகிறது நமக்குப் புதிதா? விடியற்காலை கடற்கரையில் மீன் ஏலம் கூறுவதும் அதுதான். பாரைக்கு நாலு பேர் நின்றால் ஒரு விலை, ஹோட்டல்காரர் வந்து இறங்கினால் வேறு விலை.

2024 ஓகஸ்ட் 26, திங்கள்

கடற்கரையில் இருந்து பதில் வந்திருக்கிறது. மீன் வியாபாரம் செய்கிற நண்பர்: "ஏலத்தில் மீன் கண்ணுக்கு முன்னால் கிடக்கும், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். கேட்கிற மற்ற ஆளின் முகமும் தெரியும். பத்து மணிக்குப் பிறகு விலை விழும். உங்கள் ரிக்கெட்டில் இதில் எது இருக்கிறது?"

ஒன்றும் இல்லை. மீனை வாபஸ் வாங்குகிறேன்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

மச்சான் சீற் படத்தை அனுப்பினான். மேல் தட்டு, பக்கவாட்டு. அடியில் சிறிய எழுத்தில் 'பார்வை சற்று மறைக்கப்படலாம்' என்று இருக்கிறதாம். இதை முதலே சொல்லவில்லை. சற்று என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "அத்தான், அவரும் பெரிய உயரம் இல்லைத்தானே" என்கிறான்.

அந்த அரங்கைப் பற்றி வாசித்ததில் ஒன்று பிடித்தது. அங்கே 5,272 இருக்கை. அதில் 1,268 தனியாருக்குச் சொந்தம். 1860களில் கட்டுகிற காசுக்காக ஒரு இருக்கை 100 பவுண் என்று 999 வருடக் குத்தகைக்கு விற்றிருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் பேரப்பிள்ளை இன்றைக்கும் அதில் வந்து இருக்கலாம், அல்லது அன்றைய கச்சேரிக்கு ஆசைப்பட்ட விலைக்கு விற்கலாம். நம் கோயிலில் மூன்றாம் திருவிழா இன்ன குடும்பத்தின் உபயம் என்று பரம்பரையாக வருகிறதே, அதே கதை. உபயகாரர் கனடாவில் இருந்தாலும் காளாஞ்சி அவர் பேருக்குத்தான். ஒரு வித்தியாசம், நம் உபயகாரர் தன் திருவிழாவை இணையத்தில் போட்டு விற்கமாட்டார். இன்னும் விற்கவில்லை என்று திருத்துகிறேன்.

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

சிரிக்கிறவர்கள் இப்பவே சிரித்து முடியுங்கள்.

விசா விண்ணப்பம் நிரப்ப என்று அலுமாரியில் இருந்து கடவுச்சீட்டை எடுத்தேன். ஜனவரியில் முடிந்திருக்கிறது. எட்டு மாதமாகச் செத்துப்போன புத்தகம், பாச்சையுருண்டை வாசத்தோடு, மனைவியின் கூறைச் சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. விமானம் பார்த்தேன், அரங்கின் வரலாறு பார்த்தேன், ஸ்பிரிங்ஸ்டீனின் விலை பார்த்தேன். இதை மட்டும் பார்க்கவில்லை.

புதியதற்கு விண்ணப்பித்தேன். ஊரே விண்ணப்பிக்கிற காலம் இது. அது வந்து, பிறகு விசாவுக்குக் கொழும்பில் கைரேகை வைத்து, அதற்கு மூன்று கிழமை. நவம்பர் 14க்குள் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

2024 செப்டம்பர் 9, திங்கள்

தம்பி, "நான் அப்பவே சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர். இல்லை. நீர் சொன்னது குரல் போய்விட்டது என்று. கடவுச்சீட்டு போய்விட்டது என்று நீர் சொல்லவில்லை.

சவுண்ட் செற் வாங்கிவிட்டீராமே. சந்தோஷம்.

2024 ஒக்டோபர் 20, ஞாயிறு

ஒரு மாதம் எழுதவில்லை. தேர்தல் ஒன்று முடிந்து அடுத்தது வருகிறது, கடையில் ரீவி திருத்த வருகிறவர்கள் கூட. கடவுச்சீட்டு வரவில்லை. இனி வந்தாலும் பிரயோசனம் இல்லை.

சீற்றை விற்கலாமா என்று மச்சான் கேட்டான். இணையத்தில் அந்த நாளுக்குப் போட்டிருக்கிற விலைகளையும் சொன்னான். என் விமானச் செலவில் ஒரு பகுதி உழைக்கலாம் போல, அதுவும் போகாத விமானம். ஒரு இரவு முழுக்க ஆசை இருந்தது, ஒளிக்கவில்லை. ஓகஸ்டில் மீனைக் காட்டி அவ்வளவு கதைத்துவிட்டு நானே ஏலம் கூறுவதா? காலையில் விடச் சொன்னேன்.

என் சீற்றில் மச்சானின் மகள் போகிறாள். வயது 19. டிலனை அவளுக்குத் தெரியாது. "மாமா, நோபல் பரிசு வாங்கினவர்தானே?" என்றாள். அந்த 2016 பரிசளிப்புக்கே போகாமல் இருந்தவர், பட்டி ஸ்மித்தான் அன்றைக்கு மேடையில் பாடினார் என்றேன். "அப்ப உங்களை மாதிரி" என்கிறாள்.

மூன்று பாட்டு அனுப்பிக் கேட்டு வைக்கச் சொன்னேன்.

2024 நவம்பர் 15, வெள்ளி, விடியப்புறம் 2.10

அங்கே இரவு எட்டரை தாண்டியிருக்கும். ஊர் விழித்திருக்கிறது, ஆனால் எனக்காக இல்லை. நேற்றுப் பாராளுமன்றத் தேர்தல், வீட்டுக்கு வீடு ரீவியில் முடிவு பார்க்கிறார்கள். என் விரலில் மை காயவில்லை. பக்கத்து வீட்டில் ஒவ்வொரு தொகுதி முடிவுக்கும் ஒரு கத்தல். எனக்கு அது "யூதாஸ்" மாதிரிக் கேட்கிறது.

அவளுடைய போன் இப்போது பைக்குள் பூட்டிக் கிடக்கும். வழக்கமாக வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு படம் போடுகிற பிள்ளை. இப்போது ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

ஒன்றரை மணி நேரம் கதைத்தாள். கிட்டத்தட்ட கச்சேரியின் நீளம். அவள் சொன்னதை ஞாபகம் உள்ளபடி எழுதுகிறேன்.

போனைப் போடுகிற பையில், துணிக்கடையில் களவு போகாமல் உடுப்பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு காந்தப் பூட்டு. கையிலேயே வைத்திருக்கலாம், திறக்க ஏலாது. முதல் பத்து நிமிடம் கை தன்பாட்டில் பையைத் தடவிக்கொண்டே இருந்ததாம். நேரம் பார்க்கவும் வழியில்லை, அவளிடம் மணிக்கூடு கிடையாது. பக்கத்துச் சீற்றில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, தொண்டைக்கு மிட்டாய் கொடுத்தாராம். எத்தனை தடவை டிலனைப் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, எண்ணுவதை விட்டுவிட்டேன் என்றாராம்.

மேடையில் மங்கலான மஞ்சள் வெளிச்சம். வணக்கம் இல்லை, "லண்டன், எப்படி இருக்கிறீர்கள்" இல்லை. வந்தார், பியானோவுக்குப் பின்னால் இருந்தார், தொடங்கினார். கிற்றார்க்காரர் என்று மாமா சொன்னாரே என்று அவளுக்குக் குழப்பம். முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் பியானோவுக்கு மேலால் தலைமயிர்தான் தெரிந்திருக்கும் என்கிறாள்.

நம்முடையது பார்வை மறைக்கப்பட்ட சீற் அல்லவா. அதில் இருந்து முகம் தெரியவில்லை. ஆனால் பக்கவாட்டில், மேலே இருந்து பார்த்தால், கை இரண்டும் முழுக்கத் தெரிந்ததாம். "மாமா, வலது கை ஒரே இடத்தில் மூன்று கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. பிழை மாதிரி இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அது எப்போது மாறும் என்று. மாறினவுடன் எல்லாரும் மாறுகிறார்கள்." இதை மூன்று தரம் சொன்னாள். நான் அனுப்பிய மூன்று பாட்டிலும் ஒன்றுதான் வந்ததாம், அதுவும் பாதிக்கு மேல் போன பிறகு ஒரு சொல்லைப் பிடித்துத்தான் கண்டுபிடித்தாளாம். மெட்டு முழுக்க வேறு. மச்சான் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.

மௌத் ஓர்கன் எடுத்தபோது மட்டும் அரங்கம் முழுக்க ஒரு மூச்சு. அந்தச் சத்தம் மட்டும் பாட்டுப்பெட்டியில் கேட்ட மாதிரியே இருந்ததாம்.

பிடித்ததா என்று கேட்டேன். "தெரியாது மாமா. ஆனால் அந்தக் கை ஞாபகம் வருகிறது."

2024 நவம்பர் 18, திங்கள்

அவளுக்குப் பதிலாக நான் போயிருந்தால் பழைய பாட்டைத் தேடிக்கொண்டு இருந்திருப்பேன், கையைப் பார்த்திருக்கமாட்டேன். இதை ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று மனைவி சொல்கிறாள். ஆறுதலுக்கும்தான்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

அரங்க வாசலில் எனக்கென்று ஒரு சுவரொட்டி வாங்கியிருக்கிறாள். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் கொண்டுவந்து பஸ் நிலையத்தில் வைத்துக் கையில் தந்தார். குழாயாகச் சுருட்டிய தாள். பொறுமை இல்லை, அங்கேயே உறையைக் கழற்றி, வாங்கில் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: திருகோணமலை ரவுணுக்குள் மான்கள் ஆடுமாடு மாதிரித் திரியும். புள்ளிமான். கோட்டைப் பக்கம் இருந்து வந்து பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலும் சொப்பிங் பையும் மேயும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பினால் ஒரு பெட்டை மான் சுவரொட்டியின் கீழ் மூலையை நிதானமாக மென்றுகொண்டு நிற்கிறது. இழுத்தேன், அதுவும் இழுத்தது. திகதி இருந்த மூலை போய்விட்டது. கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், கடி தெரிகிற மாதிரியே. வருகிறவர்கள் பொப் டிலன் யார் என்று கேட்பதில்லை, கடித்தது யார் என்றுதான் கேட்கிறார்கள்.

2025 நவம்பர் 23, ஞாயிறு

இந்த இழையை இன்னும் யாரோ வாசிக்கிறார்கள் போல. "ரிக்கெட்டை வாங்கின விலைக்கு மேல் விற்பதை பிரித்தானிய அரசு தடை செய்யப் போகிறதாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், நான்கு நாளைக்கு முன்னால் அறிவித்தார்கள். சட்டமாக வர வேண்டும். 999 வருடக் குத்தகை உபயகாரர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசை.

டிலனுக்கு 84. இந்த மாதமும் அந்தப் பக்கம்தான் ஊர் ஊராகப் பாடிக்கொண்டு திரிகிறார். என் கடவுச்சீட்டு வந்து கனகாலம், அலுமாரியில் இல்லை, கடை மேசை லாச்சியில் இருக்கிறது. மாதம் ஒரு தரம் திகதி பார்க்கிறேன். மருமகள் இப்போது அவருடைய புதிய பாட்டுகளை எனக்கு அனுப்புகிறாள். பழையது வேண்டாமாம்.

உப்புவெளித் தம்பிக்கு: உம்முடைய சவுண்ட் செற் மேசையில் திறந்து கிடக்கிறது. அம்பிளிபயர் ஐசி கருகிவிட்டது. கடற்கரைப் பக்கம் ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தீரா? போர்ட்டில் செம்புக் கோடெல்லாம் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சையாகப் பூத்திருக்கிறது, பல்விளக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். ஐசி கொழும்பில் இருந்து வர வேண்டும். வியாழக்கிழமை வாரும். கூலிக்குக் காசு குறைந்தால் கசற் ஏதும் இருந்தால் கொண்டு வாரும்.